இருபது லீற்றர் கடல்

அச்சுவேலியிலிருந்து வளலாய்க் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஆனாலும் கால் நூற்றாண்டாக எனக்கு அந்தக் கடல் இல்லை. அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2015-இல் வளலாய்க் காணிகளில் ஒரு பகுதி விடுபட்ட பிறகு, முதல்முதல் போன நாளில் ஒரு கலன் நிறையக் கடல்நீர் அள்ளிக்கொண்டு வீடு வந்தேன். அதைக் கொட்டிவிட மனம் வரவில்லை. 20 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி வாங்கியது அந்தத் தண்ணீருக்காகத்தான். பிறகு ஒவ்வொன்றாக உயிர்கள் வந்தன: சங்குக்குள் குடியிருக்கும் நண்டு இரண்டு, சில நத்தைகள், விரலளவு உளுவை ஒன்று, ஒரு கொத்துச் சாதாழை. உயிருள்ள முருகைக்கல் இல்லை. அதை எடுப்பது சட்டப்படி குற்றம். எடுக்கக் கையும் கூசும்.

உயிருள்ள முருகைக்கல் வைத்திருப்பவன் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன். தொட்டியிலேயே வெட்டி நட்டு வளர்த்த துண்டுகளைக் கடையில் வாங்கி, என்னுடையதைப் போலவே சின்னத் தொட்டியில் வைத்திருக்கிறான். குழந்தையாகக் கப்பல் ஏறியவன். வளலாய்க் கடலை அவன் கண்டதில்லை.

அவனுக்குக் குளிர்தான் பகை. பனிக்கால இரவொன்றில் தொலைபேசியில் அழுவாரைப்போலப் பேசினான்.

"மாமா, ஹீற்றர் நிண்டு போச்சு. தண்ணி 21-க்கு இறங்கியிட்டுது."

"பயப்பிடாதை தம்பி. போத்தலிலை சுடுதண்ணி நிரப்பி, இறுக்க மூடி, தொட்டிக்குள்ளை நிப்பாட்டு. ஒரேயடியாச் சூடாக்கிப் போடாதை. மெல்ல மெல்ல."

விடியும்வரை போத்தல் மாற்றினான். மறுநாள் சிறிய ஹீற்றர் இரண்டு வாங்கிப் பூட்டினான். அது சரியான யோசனை. பெரியது ஒன்றாக இருந்து, அணையாமல் சிக்கிக்கொண்டால் தொட்டியே வெந்துவிடும். சிறியது சிக்கினால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். கவனிக்க நேரம் கிடைக்கும்.

எனக்கோ சித்திரை வெயில் பகை. பெருங்கடல் ஒரு பாகை ஏற வாரக்கணக்கில் எடுக்கும். 20 லீற்றர் ஒரு மத்தியானத்திலேயே மூன்று பாகை ஏறும். மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் திருப்பி வைத்தால், மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல ஆவியாகிக் குளிரும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே நிற்கும். லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள 20 லீற்றரில் இரண்டு லீற்றர் வற்றினால் அது 39 கிராமை நெருங்கிவிடும். சூட்டைத் தணிக்கப்போய் உப்பைக் கூட்டிவிடுவோம்.

வற்றியதை நன்னீரால் நிரப்ப வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது என்பதை ஒரு மாதப் பச்சைப் பாசியைச் சுரண்டித்தான் கற்றேன். சுண்ணக்கல் நிலம் இது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் நைத்திரேற்றாகி நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. அதே கிணற்றில்தான் நாமும் குடிக்கிறோம் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. இப்போது மாரியில் முற்றத்தின் நடுவே எவர்சில்வர் அண்டா வைத்து மழைநீர் பிடித்து, கோடைக்குச் சேமிக்கிறேன்.

2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணிநேரமானது. விசிறியும் நின்றது, காற்றுக்குமிழியும் நின்றது. சுடுதண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தன. உளுவை மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்தது. பனிக்கட்டியாக உறைந்த அரை லீற்றர்ப் போத்தலை அவசரத்தில் இறக்கினேன். தண்ணீர் இரண்டு பாகைக்கு மேல் சட்டென்று விழுந்தது. உளுவை அன்றிரவே செத்தது. மருமகனுக்கு "மெல்ல மெல்ல" என்று சொன்ன நான்தான் அதைச் செய்தேன். சூடு கொல்லாததை என் அவசரம் கொன்றது. அதன்பிறகு 200 மில்லிலீற்றர்ப் போத்தல்தான். ஒன்று உருகினால் ஒரு பாகை. பிறகு நன்றாகப் பொறுத்து அடுத்தது. சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் காற்றும் ஏற்றுவேன்.

எங்கள் குடாநாட்டுக் கடலில் முருகைக்கல் கிடையாது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்பும் நெடுந்தீவு வேலிக் கற்களும் எங்கிருந்து வந்தன என்று யாரும் யோசிக்கவில்லை. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை இந்தக் கடலில் கண்டது. அதை அறிந்த அன்று மருமகனுக்கு நான்தான் அழைப்பு எடுத்தேன். "அப்ப எங்கடை கடலிலையும் இருக்கோ மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அடுத்த தை மாதம் புதிதாக ஒன்று கேட்டான்: வளலாயில் தண்ணீர் இப்போது எத்தனை பாகை? வாடைக்காற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று வெப்பமானியைப் பிடித்தேன். 26. அன்றிரவு தன் ஹீற்றர்களை 26-க்குத் திருகிவிட்டுப் படம் அனுப்பினான். அதிலிருந்து மாதம் ஒருமுறை போய் அளந்து சொல்வது எனக்கு வழக்கமானது. அவனும் அதன்படியே வைப்பான்.

2024 சித்திரையில் உலகக் கடல்கள் எங்கும் முருகைக்கற்கள் வெளிறுகின்றன என்று செய்தி வந்தது. சூடு தாங்காமல் தம்முள் வாழும் நுண்பாசியை, தமக்குச் சோறு போடும் பாசியை, அவை வெளியேற்றிவிடுகின்றன. நிறமும் அதோடு போய்விடுகிறது. அந்தக் கிழமை விடியற்காலை வளலாயில் அளந்தேன். வெப்பமானி 31-ஐத் தாண்டி நின்றது. சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை.

"அதுக்கு வைக்கேலாது மாமா," என்றான். "செத்துப்போம்."