உம்மாவின் விரிப்பும் ஒரு வொஷிங் மெஷினும்



இரண்டு மாதமாகக் கண்டவர்களிடமெல்லாம் வொஷிங் மெஷின் பற்றி விசாரித்துக்கொண்டு திரிந்தேன். ஸ்டாஃப் ரூமிலும் கல்யாண வீட்டிலும் கிளினிக் வாங்கிலும் அதே கதைதான். இப்போது வழியில் காண்கிறவர்கள் "டீச்சர், மெஷின் எடுத்தாச்சா? முன்னால கதவு வச்சதா, மேலால மூடி வச்சதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உம்மாவுக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறா. ஆனால் இரவில் சிறுநீர் கட்டுப்படாது. எங்கள் பக்கத்து வழமை தெரியும்தானே. வீடு மகளுக்கு, உம்மாவும் மகளோடுதான். மருதமுனை மட்டுமல்ல, இந்தக் கரையோரம் முழுக்க அப்படித்தான். ஆக, உம்மாவின் விரிப்பு என் கையில்.

ஒரு நாளைக்கு விரிப்பு இரண்டு, சில நாள் மூன்று. மெக்சி நான்கு. அதற்கு மேல் பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபோம், இவருடைய சாரம், என் அபாயா. சுபஹுக்குப் பிறகு ஊறப்போட்டுவிட்டு ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க வேண்டும். ஒன்றரைக்கு விட்டு வந்து, சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி கிணற்றடி. மழைக்காலத்தில் நேற்றையதே காயாமல் கிடக்கும், இன்றையது வாளியில் இருக்கும்.

ஒரு நாள் ஆய்வுகூடத்து விற்றராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (அடுத்த நாளே திருப்பி வைத்துவிட்டேன். அதிபர் இதை வாசிப்பார்.) எங்கள் ஊர்க் கைத்தறி விரிப்பு ஒன்றைக் காய்ந்தபடி தொங்கவிட்டால் 10 நியூட்டன். தோய்த்துக் கையால் பிழிந்து தொங்கவிட்டால் 26. மகன்தான் வாசித்துச் சொன்னான். ஒரு கிலோ விரிப்பு, பிழிந்த பிறகும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிக் கொடியில் போடுகிற தோள்தான் ராவில் வலிக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் முதலில் சொன்னது ட்வின் டப். விலை பாதிக்கும் குறைவு. உண்மைதான். ஆனால் அதில் தோய்ப்பது ஒரு தொட்டி, பிழிவது வேறு தொட்டி. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஈர உடுப்பைத் தூக்கிப் போட ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் நிற்கிற நேரம் பாடசாலையில். எனக்கு வேண்டியது போட்டுவிட்டுப் போகக்கூடிய ஒன்று. அப்படிப் பார்த்தால் மேலால் போடுகிற டொப் லோட் அல்லது முன்னால் கதவுள்ள ஃபிரண்ட் லோட். கல்முனைக் கடைகளில் நான் கேட்ட அளவில் ஃபிரண்ட் லோடுக்கு டொப் லோடைவிட ஐம்பது, அறுபதாயிரம் கூட.

அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். டொப் லோடில் உடுப்பு தண்ணீருக்குள் மிதந்து சுழல்கிறது. ஃபிரண்ட் லோடில் படுத்த உருளை உடுப்பை மேலே தூக்கித் தூக்கிக் கீழே விழுத்துகிறது. கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே தத்துவம். அதனால் தண்ணீர் ஏறக்குறைய பாதிதான் போகும். பிழியும் வேகம் கூட என்பதால் உடுப்பு பாதி காய்ந்தபடி வெளியே வரும். மாரி மாதத்தில் இது பெரிய விஷயம். அதோடு பெரும்பாலானவற்றில் உள்ளேயே ஹீட்டர் இருக்கிறது. சிறுநீர் பட்ட விரிப்பின் வாடை பச்சைத் தண்ணீருக்குப் போகாது என்பது நோயாளி வைத்துப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஹீட்டர் என்றதும் கரண்ட் பில். 2022 ஆகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூட்டிய அந்தக் காலத்தின் பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. பிறகு குறைத்தார்கள்தான், ஆனாலும் பழக்கத்தில் லைட்டை நூர்த்துக்கொண்டே திரிகிறோம். ஆகவே இதைப் பத்தாம் வகுப்புக்குக் கணக்காகவே கொடுத்தேன். 12 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம்? 4200 × 12 × 32, பதினாறு இலட்சத்துச் சொச்சம் யூல். ஓர் அலகு மின்சாரம் 36 இலட்சம் யூல். ஆக அரை அலகுக்கும் கொஞ்சம் குறைவு. உடுப்பையும் உருளையையும் சூடாக்குவது, மோட்டார் எல்லாம் சேர்த்தால் முக்கால், ஒன்று வரலாம். சூடில்லாமல் போட்டால் அதில் சிறு பங்குதான். குளிர் நாட்டில் தண்ணீர் பத்துப் பாகையில் தொடங்கும், எங்களுக்கு அல்லாஹ் ஏற்கனவே சூடாக்கித் தந்திருக்கிறான். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் கேட்டான், "டீச்சர், அப்ப அயன் பண்றத்துக்கு?" ஆயிரம் வாற்று அயனை அரை மணி நேரம் வைத்தால் அரை அலகு. அதற்கு ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் 60, 90 அலகு எல்லையில் நிற்கிற வீடென்றால் யோசிக்கத்தான் வேண்டும். எல்லையைத் தாண்டினால் கட்டணமே வேறு படிக்கு ஏறிவிடும்.

கரண்ட் நின்றால்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே. ஃபிரண்ட் லோட் பாதியில் நின்றால் தண்ணீரும் உடுப்பும் உள்ளே, கதவு பூட்டு. கீழே வடிகட்டி மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து எடுக்கலாம். டொப் லோடென்றால் மூடியைத் திறந்து கையை விட்டால் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் அது நல்லது.

தண்ணீர் அழுத்தத்தையும் பாருங்கள். இதை எனக்குச் சொன்னது கடையில் நின்ற பொடியன்தான், விற்கிற அவசரத்தில் மறைக்கவில்லை, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். பத்து மீற்றர் உயரத்துத் தாங்கிக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்கள் தாங்கி நாலு மீற்றர் உயரம், அப்போ 0.4. நான் பார்த்ததில் ஒரு மெஷினுக்குக் குறைந்தது 0.5 வேண்டும், இன்னொன்றுக்கு 0.3 போதும். பெட்டியில் எழுதியிருக்கும், கேட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரை நான் யோசிக்கவேயில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணற்றில் சவர்க்காரம் நுரைப்பதே அருமை. அதை ஹீட்டருக்குள் விட்டால் உப்புப் படிந்துவிடும். பைப் தண்ணீர்தான்.

இவ்வளவும் பார்த்து முடித்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டா.

"பள்ளி ஹவுளுக்கே குல்லதைன் தண்ணி வேணும். நீ இந்தப் பொட்டிக்குள்ள நாலு செம்புத் தண்ணிய விட்டுச் சுத்தினா நஜீஸ் போகுமா? எல்லா உடுப்பும் சேந்துதான் நஜீஸாகும். அதுல நான் தொழுறதா?"

சிரிக்க முடியாத கேள்வி. ஷாஃபி மத்ஹபில் பிறந்து வளர்ந்த எல்லா வீட்டிலும் கேட்கக்கூடியது. இரண்டு குல்லத் என்றால் ஏறக்குறைய 200 லீற்றர், அதற்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் நிறம் மாறாவிட்டாலும் அந்தத் தண்ணீர் நஜீஸ். நான் பெருமையாகச் சொன்ன "தண்ணீர் பாதிதான் போகும்" என்பதே உம்மாவுக்கு எதிர் வாதம்.

எங்களுக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் இவரைக் கொண்டு கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கம்: உடுப்பைத் தண்ணீருக்குள் போடுவது வேறு, தண்ணீரை உடுப்பின் மேல் விடுவது வேறு. முதலில் பைப்படியில் பிடித்து, நஜீஸின் அடையாளம் போகத் தண்ணீரை மேலால் ஊற்றி ஓடவிடுங்கள். அதோடு உடுப்பு சுத்தம். பிறகு மெஷினில் போடுவது வாடைக்கும் அழுக்கும்தான். மெஷினும் ஒரே தண்ணீரில் முடிப்பதில்லை, பழையதை வெளியேற்றிப் புதியதை எடுக்கிறது என்றும் சொன்னார். இது எங்களுக்குச் சொன்ன பதில். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைப் பிடிக்க வேண்டாம்.

உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பவும் வேணாம்" என்றா. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்தக் கிழமை உம்மாவுக்குக் காய்ச்சல். சிறுநீரில் கிருமி. டொக்டர் பார்த்துவிட்டு, "இவங்க தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிலடியில் தினமும் ஒரு போத்தல் நிறைத்து வைத்துவிட்டுத்தான் போகிறேன், வந்து பார்த்தால் முடிந்திருக்கும். அதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சின்ன மகள்தான் சொன்னாள். "உம்மம்மா தண்ணிய ஜன்னலால பூக்கண்டுக்கு ஊத்துறவ."

ராத்திரி, விளக்கை நூர்த்த பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். வெளிச்சத்தில் கேட்டால் சொல்லமாட்டா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "குடிச்சா நனையும். நனைஞ்சா நீதானே புள்ள தோய்க்கணும். பள்ளிக்கூடத்தால களைச்சு வாறாய்" என்றா.

மெஷின் வேண்டாம் என்றதும் அதே கணக்குத்தானாம். தன்னுடைய விரிப்புக்காக மகள் இரண்டு இலட்சம் கொடுக்கிறாள் என்று ஊர் பேசுமே என்று.

நான் இரண்டு மாதமாக லீற்றரும் யூலும் பாரும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி அந்தக் கட்டிலில் கிடந்து தாகத்தோடு வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. பூக்கன்று நன்றாகத் தளைத்து நிற்கிறது என்று நான் வேறு பெருமைப்பட்டிருக்கிறேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டீர்கள். தவணைக்குத் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் உள்ளே வட்டி, விட்டுவிட்டேன். தம்பி கட்டாரிலிருந்து ஒரு பங்கு அனுப்பினான். மீதிக்கு எங்கள் பாடசாலைச் சீட்டு. என் முறை எட்டாவது. ஒரு டீச்சர், மகளுக்கு நகை செய்ய வைத்திருந்த தன் இரண்டாவது முறையை எனக்கு மாற்றித் தந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தன் உம்மாவையும் கடைசிக் காலத்தில் பார்த்தவர் அவர், நான் காரணம் சொல்லத் தொடங்கவே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

7 கிலோ ஃபிரண்ட் லோட், 0.3 பார் போதும் என்பது. மெஷினைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, துள்ளாமல் இருக்க உள்ளே கொங்கிரீட் பாரம் வைத்திருக்கிறார்கள். பின்னால் கொண்டுவருவதற்காகப் பூட்டிய நாலு ஆணியையும் கழற்றினார்களா என்று நின்று பாருங்கள், கழற்றாமல் ஓடவிட்டால் மெஷின் அறை முழுக்க நடக்கும். பவுடர் ஃபிரண்ட் லோடுக்கென்று வருவதைத்தான் போட வேண்டும், சாதாரணமானது நுரைத்துத் தள்ளும். தோய்த்து முடிந்ததும் கதவைத் திறந்தே விடுங்கள். றபரைத் துடைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மணக்கும்.

முதல் நாள் உம்மாவைக் கதிரையில் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் இருத்தினோம். அந்த வட்டக் கண்ணாடியால் உள்ளே நடப்பது தெரிகிறதே, டொப் லோடுக்கு அது இல்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம், இடையில் அஸர் தொழுததைத் தவிர உம்மா எழும்பவில்லை. "அந்தா, ஊத்தத் தண்ணி போகுது. இந்தா, புதுசு வருது" என்று விரலை மடித்து எண்ணினா. மூன்று தடவை. வெளியே எடுத்த விரிப்பின் கரையை விரலுக்கிடையில் வைத்து இழுத்துப் பார்த்தா, நெசவு வீட்டில் வளர்ந்தவ. "இழை விலகல்ல" என்றா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தன் தொழுகைப் புடவையை மட்டும் இன்னும் மெஷினுக்குள் போடவிடமாட்டா. குளியலறையில் ஸ்டூலில் இருந்து ஒற்றைக் கையால் தானே அலசுகிறா. நானும் பறிக்கப்போவதில்லை.

டொக்டர் சொன்னது ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ். இப்போது ஆறு வரை வந்திருக்கிறது. எண்ணுவது சின்ன மகளின் பொறுப்பு, ஜன்னலையும் அவள்தான் சாத்திவைக்கிறாள். மீதி இரண்டு கிளாஸுக்கு மஃரிபுக்குப் பிறகு தினமும் சண்டை.