28 அடியில் ஒரு வீடு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. அங்கே ஃபால்மத் துறைமுகத்தை ஒட்டினாற்போல் பென்ரின் என்ற சின்ன ஊர். குளிர்காலத்தில் போனால் ஒரே வேடிக்கை! படகுகளைக் கிரேனால் தூக்கி, கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.

அவற்றில் ஒன்று என் பெண்ணும் மாப்பிள்ளையும் வாங்கிய பழைய பாய்மரப் படகு. 1974-ல் கட்டியது. ஃபைபர்கிளாஸ் உடல், 28 அடி நீளம். கோடையில் குழந்தையோடு அதில் தங்குவதாக ஏற்பாடு. ஆறு வயசுப் பேத்திக்கு இழுப்பு உண்டு. எனக்கு அதுதான் கவலை.

கேபினுக்குள் தலையை நீட்டியதுமே குப்பென்று பூஞ்சை வாடை. கூரையில் ஒட்டியிருந்த ரெக்ஸின் தூளி மாதிரித் தொங்கியது.

"இதிலேயாடி குழந்தையைப் படுக்க வைக்கப் போறே?"

"அதுக்குத்தானேம்மா இவ்வளவு பாடும்!" என்றாள்.

"முதல்லே ஒழுக்கு, அப்புறம்தான் அழகு அத்தை" என்றார் மாப்பிள்ளை.

நம் ஓட்டு வீடு மாதிரிதான். உள்ளே கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேயே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கோ புகுந்த தண்ணீர் எங்கோ வந்து சொட்டும். மேல்தளத்தில் ஒவ்வோர் இடமாகக் குழாய்த் தண்ணீர் விட, உள்ளிருந்து ஒருவர் பார்த்தார். ஜன்னல் ரப்பர்களை மாற்றி, கசிந்த போல்ட்டுகளைக் கழற்றிப் புதிதாக அடைத்தார்கள்.

பிறகு கூரை. ரெக்ஸினுக்குப் பின்னால் இருந்த ஃபோம் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு சுரண்டினார்கள். அது முடியும்வரை பேத்திக்கு அங்கே அனுமதி இல்லை.

உப்பு ஈரத்தை இழுக்கும். கடல் தண்ணீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் காய்ந்த மாதிரி இருந்து மறுபடி நசநசக்கும். அதனால் பழைய மெத்தைகளைத் தூக்கிப் போட்டார்கள். புது மெத்தைக்கு அடியில் காற்றோடப் பலகையில் வரிசையாகத் துளைகள்! தேக்குச் சட்டங்களை மட்டும் துடைத்து, உலர்த்தி, வார்னிஷ் அடித்தோம்.

தேக்கு என்றதும் ஒரு சேதி. 1968-ல் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி 1969-ல் அங்கேயே திரும்பினார் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். இதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். அவருடைய 'சுஹைலி' படகு நம் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது!

சமையல் மூலையைப் பார்க்க வேண்டுமே! படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாதபடி ஸ்டவ் ஊஞ்சலாடுகிறது. அலமாரித் தட்டுகளுக்கெல்லாம் விளிம்புச் சட்டம். காஸ் விஷயத்தில்தான் ரொம்பக் கவனம். அது காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், வெளியேற வழியில்லை. அதனால் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, அதன் அடியிலிருந்து படகுக்கு வெளியே போகும் குழாய். சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூடிவிட வேண்டும். வாசனையே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கும் ஓர் அலாரம் மாட்டினார்கள். குழந்தை உருண்டு விழாமலிருக்கப் படுக்கை ஓரத்தில் கான்வாஸ் தடுப்பு.

ஜூனில் படகு தண்ணீரில் இறங்கியது. இரண்டு இரவு தங்கினோம். பேத்தியின் மருந்துப் பம்பு தலைமாட்டிலேயே இருந்தது, தேவைப்படவில்லை.

வீட்டுச் சுவரிலும் பீரோவின் பின்னாலும் கறுப்புப் புள்ளி தெரிந்தால், வெள்ளையடித்து மறைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று முதலில் தேடுங்கள். இழுப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப அவசியம்.