பிணைக் கையெழுத்து

நண்பர் ஒருவரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்திட்டு, மூன்றாண்டுகள் நம் சம்பளத்திலிருந்து தவணை கட்டியவர் நாம். ஆகவேதான், சீனத்தின் கான்டன் துறைமுக வரலாற்றை வாசித்தபோது அதை வெறும் வணிகச் செய்தியாகக் கடந்துபோக இயலவில்லை.

1757 முதல் 1842 வரை மேலைநாட்டு வணிகக் கப்பல்களுக்குச் சீனம் திறந்துவைத்திருந்த வாயில், ஏறத்தாழ கான்டன் ஒன்றே. அங்கே அயலாருடன் பெருவணிகம் செய்யும் உரிமை 'ஹாங்' எனப்பட்ட சில வணிக இல்லங்களுக்கு மட்டுமே உண்டு. 1780க்குப் பின் அவ்வுரிமையோடு ஒரு சுமையும் சேர்ந்தது. ஓர் இல்லம் நொடித்தால், அதன் அயல்கடனை எஞ்சிய இல்லங்கள் அடைக்க வேண்டும். அதற்கென வணிகத்தின்மீது தீர்வை விதித்துப் பொதுநிதியும் சேர்த்தனர்.

இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டியே, நியூயார்க் வங்கிகளுக்குப் பொதுக் காப்புநிதி ஒன்றைப் பரிந்துரைத்தார் ஜோஷுவா ஃபோர்மன். 1829இல் அது சட்டமாயிற்று. பிற்கால வைப்புத்தொகைக் காப்பீட்டின் முன்னோடி அது. தேயிலையோடு ஒரு கருத்தும் கப்பலேறிற்று.

எதிர்த்திசையில் வந்தது நெருக்கடி. முன்பு வெள்ளி நாணயம் கொண்டுவந்த அமெரிக்க வணிகர்கள், 1830களில் லண்டன் நிறுவனங்களின்மீது எழுதிய உண்டியல்களைக் கொடுத்துத் தேயிலை வாங்கினர். அவ்வணிகத்துக்குப் பணம் பின்நின்ற வில்சன், விக்கின், வைல்ட்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1837இல் வீழ்ந்தன. கான்டனிலோ, 20 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட அயல்கடனோடு ஹிங்டாய் இல்லம் ஏற்கெனவே நொடித்திருந்தது.

ஆயினும் துறைமுகம் மூடப்படவில்லை. எஞ்சிய இல்லங்கள் அக்கடனைப் பல்லாண்டுத் தவணைகளாக ஏற்றன. அவர்களுள் பெருஞ்செல்வரான ஹௌகுவா, தம் பணத்தில் ஒரு பகுதியைப் பாஸ்டன் வணிகர் ஜான் மர்ரே ஃபோர்ப்ஸ் வழியாக அமெரிக்காவில் முதலிட்டு வைத்திருந்தார். கையெழுத்தின் விலை அறிந்தவர் போலும்!

தாங்கிய தோளே சுமையையும் வளர்த்தது. ஒருவர் நொடித்தால் மற்றவர் தருவார் என்ற துணிவில், தளர்ந்த இல்லங்களுக்கும் அயலார் கடன் கொடுத்தனர். நியூயார்க் நிதியும் 1840களின் தொடக்கத்தில் வங்கிகள் அடுத்தடுத்து விழவே வற்றிப்போயிற்று. 1842 நான்கிங் உடன்படிக்கை, ஹாங் கடன்களுக்காக 30 லட்சம் டாலரைச் சீன அரசின் தலையில் சுமத்தி, ஹாங் வணிகரின் தனியுரிமையையும் ஒழித்தது. அடுத்த ஆண்டு ஹௌகுவா மறைந்தார்.

நெடுநாள் நாம் நண்பரை நொந்துகொண்டிருந்தோம். இப்போது ஒன்று புரிகிறது. கடன் கொடுத்தவர் அன்று நண்பரின் நிலையைப் பார்க்கவேயில்லை. நம் கையெழுத்தைத்தான் பார்த்தார். ஆயினும், நாளை இன்னொருவர் தாளோடு வந்து நின்றால் மறுப்போமா? மறுக்க மனம் வராது என்றே தோன்றுகிறது. அவருடைய வரவையும் செலவையும் ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவோம்.