மீன் உண்டவர் எலும்பும் காபன் கணக்கும்

மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் வெட்டிய இடத்தில் 2018இல் மனித எலும்புகள் வெளிப்பட்டன. மன்னார் நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷவின் தலைமையில் அகழ்வு நடந்தது. களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் அதில் பங்கேற்றார். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிறுவர்களுடையவையும் அவற்றில் இருந்தன. ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வெளிவந்த முடிவு, அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடுவோர் தரப்பு அதை ஏற்கவில்லை.

இத்தகைய குழியில் எது யாருடைய எலும்பு என்று பிரிப்பதுதான் முதல் பாடு. ஒருவரின் தொடையெலும்பு இன்னொருவரின் விலாவுக்குள் கிடக்கும். அவசரப்பட்டு ஒன்றை உருவினால் கிடந்த ஒழுங்கு கலைந்துவிடும். பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது. வளர்ந்தவர் ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். சிறுவரின் வயதைப் பல் வளர்ந்த நிலை ஓரளவு நெருக்கமாகவே காட்டும். ஐம்பதைக் கடந்தவரின் வயதைப் பத்தாண்டுக்குள் அடக்கச் சொன்னால் கை தேர்ந்தவரும் தயங்குவார். எவ்வளவு காலத்துக்கு முன் இறந்தார் என்பதோ கண்ணுக்கும் விரலுக்கும் பெரும்பாலும் பிடிபடாது. எலும்பின் நிறமும் பாரமும் ஆண்டைவிட மண்ணையே அதிகம் பொறுத்தவை.

எனவே காலத்தைக் கணிக்கக் காபன்-14 பரிசோதனை தேவைப்படுகிறது. எலும்பின் கொலாஜனிலுள்ள காபன் உண்ட உணவிலிருந்து வந்தது. சோறும் குரக்கனும் பனங்கிழங்கும் காற்றின் காபனைக் கொண்டவை. கடலிலோ ஆழத்தில் நெடுங்காலம் தங்கிய பழைய காபன் கலந்திருப்பதால், மீனின் காபன் சராசரியாகச் சுமார் 400 ஆண்டு முதுமை காட்டும். எலும்புக் காபனில் மூன்றிலொரு பங்கு கடலிலிருந்து வந்திருந்தால், அந்த எலும்பு நூறு ஆண்டுக்கு மேல் பழையதாகத் தோன்றும். போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டியது 1560இல். ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1658இல். இந்த இடைவெளிக்குள் நூறு ஆண்டு நகர்வது சில்லறைத் திருத்தம் அல்ல. புதைத்தவர் யார் என்ற ஊகமே அதனால் மாறிவிடும்.

ஒருவர் எவ்வளவு மீன் உண்டார் என்பதைக் காபன், நைதரசன் ஆகியவற்றின் நிலையான சமதானிகள் கொண்டு மதிப்பிடலாம். இந்தக் கரையில் அதிலும் சிக்கல் உண்டு. கடல் மீன் உண்டவர் எலும்பில் காபன்-13 கூடும். குரக்கன் உண்டவர் எலும்பிலும் கூடும். நைதரசன்-15 இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ளதுபோன்ற கடற்புல் படுகைகளில் மேய்ந்து வளரும் மீன்களில் நைதரசன்-15 பெரிதாக உயர்வதில்லை. ஐரோப்பியக் கடல்களின் அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால், பேசாலையில் பிடிபட்ட மீனை உண்டவரும் வன்னியில் குரக்கன் உண்டவராகக் கணிக்கப்படலாம். இங்குள்ள மீனையும் தானியத்தையும் அளந்து உள்ளூர் அடித்தளம் அமைப்பதே சரியான வழி, அலுப்பான வேலைதான்.

ஆனாலும் கடலுணவுக்கான இந்தத் திருத்தம் எந்த எலும்பின் காலத்தையும் எங்கும் தள்ளிவிடாது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் காபன்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. கடலிலும் அது கலந்தது. போர்க் காலத்தில் இறந்தவர் எவ்வளவு மீன் உண்டிருந்தாலும் அவர் எலும்பில் அந்தத் தடம் இருக்கும். 15ஆம் நூற்றாண்டுக் கணக்கு வராது. அதேவேளை, முடிவு அனுப்பிய ஆறு மாதிரிகளுக்கே உரியது. 300க்கும் மேற்பட்டவர்கள் ஒரே காலத்தில் புதைக்கப்பட்டார்களா என்பதை அடுக்குகளும் எலும்புகள் கிடந்த முறையும், மேலும் பல மாதிரிகளும்தான் சொல்ல முடியும்.

அவர்கள் எங்கே வளர்ந்தவர்கள் என்பதற்குப் பல் எனாமல் உதவும். சிறுவயதில் உருவானபின் அது மாறாது. அதிலுள்ள துரந்தியத்தின் (ஸ்ட்ரோன்டியம்) சமதானி விகிதம் வளர்ந்த நிலத்தின் பாறையைப் பிரதிபலிக்கும். மன்னாரின் சுண்ணாம்புக்கல்லும் உள்நாட்டின் பழைய பளிங்குருப் பாறையும் வெவ்வேறு விகிதம் தருபவை. ஆனால் கடல் மீனும் உப்பும் கடலின் விகிதத்தையே உடலில் சேர்ப்பதால், கருவாடு அதிகம் உண்ட உள்நாட்டவரை மன்னார்த் தீவில் வளர்ந்தவரிடமிருந்து பிரிப்பது கடினம்.