பிசிறு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு லேத் பட்டறையில என்ன வேலைன்னு கேக்காதீங்க. கோயம்புத்தூர்ல பொறந்துட்டு பட்டறை வாசனை இல்லாம வளர முடியாது. எங்க அப்பா மூணு மெஷின் வச்சு ஜாப் ஒர்க் செய்யறார். லீவு நாள்ல கணக்கு எழுதறது நான்.

போன வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங் படிச்ச சூட்டோட அப்பாவோட செலவைக் குறைக்கக் கிளம்பினேன். முதல்ல கண்ணில் பட்டது பிசிறு எடுக்கற வேலை. ஒரு அக்கா காலையிலிருந்து சாயந்திரம் வரை அரமும் எமரி பேப்பரும் வச்சு ஒவ்வொரு பீஸா தேய்ப்பாங்க. நாள் கூலி 500 ரூபாய். கஸ்டமருக்குப் போடற பில்லில் இந்த வேலைக்குத் தனியா ஒரு வரி கூட கிடையாது. "டிராயிங்ல உள்ள அளவு வந்தாச்சே, இது எதுக்குப்பா?"ன்னு கேட்டேன். அப்பா முதல்ல ஒத்துக்கலை. நான் நச்சரிச்சதுல ஒரு லாட்டுக்கு மட்டும் சரின்னார்.

ஹைட்ராலிக் வால்வுக்குப் போகும் ஸ்லீவ், 750 பீஸ். மூணு நாள் கூலி 1,500 ரூபாய் மிச்சம். எனக்கு ஒரே பெருமை :-)

பத்தாவது நாள் மொத்தமும் டெம்போவில் திரும்பி வந்தது.

என்ன ஆச்சுன்னா, இரும்பை வெட்டும்போது அது சுத்தமா துண்டாகறதில்லை. டூலோட அழுத்தத்தில் கொஞ்சம் வழிஞ்சு, விளிம்பில் மெல்லிசா ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுதான் பிசிறு. டிரில் வெளியே வர்ற பக்கம் அதிகமா இருக்கும். டூல் மழுங்கியிருந்தா இன்னும் அதிகம். அலுமினியம், மைல்டு ஸ்டீல் மாதிரி வளைஞ்சு கொடுக்கற உலோகத்தில் நிறைய வரும். வார்ப்பிரும்பு உடையற ஜாதி, அதனால அதில் கம்மி.

எங்க ஸ்லீவில் குறுக்கே போட்ட ஓட்டை உள் துளையைச் சந்திக்கிற இடத்தில் பிசிறு நின்னுபோச்சு. வெர்னியர் வச்சு வெளி அளவு பார்த்தா தெரியவே தெரியாது. ஆனா ஓ-ரிங்கை உள்ளே தள்ளும்போது கத்தி மாதிரி கீறிடுச்சு. ஓ-ரிங் கிழிஞ்சா ஆயில் ஒழுகும். பிசிறு உடைஞ்சு ஆயிலில் கலந்தா வால்வு சிக்கி நிக்கும். வண்டி பிரேக்கில் இப்படி நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இது போக, கூர்மையான விளிம்பில் பெயிண்ட் சரியா நிக்காது, அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். அடிக்கடி பாரம் ஏறி இறங்கற பாகமா இருந்தா விரிசலும் அங்கிருந்தே தொடங்கலாம். விளிம்பு எப்படி இருக்கணும்னு டிராயிங்கில் குறிக்கவே ஐ.எஸ்.ஓ 13715ன்னு ஒரு தரநிலை இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இப்போ கணக்குக்கு வருவோம். டெம்போ வாடகை போக வர 1,400. ரெண்டு பேர் நாலு நாள் மறுபடி வேலை, 4,000. கஸ்டமர் அனுப்பின டெபிட் நோட் 6,000. மொத்தம் 11,400 ரூபாய். நான் மிச்சம் பிடிச்சது 1,500. அடுத்த ஆர்டர் பாதியாக் குறைஞ்சது தனிக் கதை. புத்தகத்தில் தடுப்புச் செலவு, தோல்விச் செலவுன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன்தான் நான்!

பெரிய கம்பெனிகளில் இதுக்கு மெஷினே இருக்கு. பீங்கான் கற்களோட சேர்த்துப் போட்டு அதிர வைப்பாங்க. மூடின அறையில் வாயுவை நிரப்பி எரிச்சு, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பிசிறை மட்டும் பொசுக்கற முறையும் உண்டு. எங்க பட்டறைக்கு அந்த அக்காவோட கைதான்.

நான் மறுபடி கூப்பிடப் போனப்போ அவங்க வேற பட்டறையில சேரப் பேசிட்டிருந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னேன். "படிக்கிற புள்ளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன் தம்பி. ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?"ன்னாங்க. உள்ளங்கையைக் காட்டினாங்க. மெல்லிசா வெட்டுத் தழும்புகள். அதுவரை நான் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை.

இப்போ எங்க கொட்டேஷனில் பிசிறு எடுக்கறதுக்குத் தனி வரி போடறோம். அக்காவுக்குக் கையுறையும் 50 ரூபாய் கூலி உயர்வும் வந்திருக்கு. சக காமர்ஸ் மக்களே, ஒரு செலவை வெட்டறதுக்கு முன்னாடி அந்த வேலையைச் செய்யறவங்க கிட்ட போய் ஒரு தடவை உக்காந்து பாருங்க. நான் பாக்கலை. அதான் சொல்றேன்.