திட்டத்தில் நாம் எழுதாத பட்டியல்



செயற்கை நுண்ணறிவு என்றதும் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் செயலிகள்தான் இப்போது நமக்கு ஞாபகம் வருகின்றன. அதற்குள் பழைய துறை ஒன்று இருக்கிறது, தானியங்கித் திட்டமிடல். இப்போதைய நிலை இது, இலக்கு இது, செய்யக்கூடிய வேலைகள் இவை என்று கொடுத்துவிட்டால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைக் கணினியே கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை ‘ஷேக்கி’ என்றொரு ரோபோவை உருவாக்கினார்கள். அறைக்கு அறை போய்ப் பெட்டிகளைத் தள்ளுவது அதன் வேலைகளில் ஒன்று. அதற்குத் திட்டம் போட, ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் 1971இல் ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று பட்டியல்கள். செய்வதற்கு முன் என்ன இருக்க வேண்டும்? செய்தால் புதிதாக என்ன வரும்? செய்தால் ஏற்கனவே இருந்த எது இல்லாமல் போகும்?

மூன்றாவதை எழுதாவிட்டால், பெட்டியைக் கதவடிக்குத் தள்ளிய பிறகும் அது பழைய இடத்திலும் இருப்பதாகவே ரோபோ நம்பும்.

பிற்காலத்தில் அந்த மூன்றாவது பட்டியலை வேண்டுமென்றே விட்டுவிட்டும் கணக்குப் போட்டார்கள். யோர்க் ஹொஃப்மனும் பேர்ன்ஹார்ட் நெபலும் 2001இல் விவரித்த ‘எஃப்எஃப்’ மென்பொருள் அப்படிப்பட்டது. எதுவுமே இழக்கப்படாத உலகத்தில் திட்டம் போடுவது சுலபம். இலக்கு எவ்வளவு தூரம் என்று மட்டுக்கட்ட அது உதவும். ஆனால் உண்மையான திட்டத்தை இழப்புகளையும் சேர்த்துத்தான் அந்த மென்பொருள் அமைக்கிறது.

சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு நாம் போடும் திட்டம் மட்டுக்கட்டலோடு நின்றுவிடுகிறது. பாடசாலை விட்டதும் கணித வகுப்பு, மஃரிபுக்குப் பிறகு விஞ்ஞானம், சனி ஞாயிறு மற்றப் பாடங்கள். முதலாவது பட்டியல், வகுப்புக் காசு. இரண்டாவது, ஒன்பது ஏ. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. தூக்கம், அஸருக்குப் பிறகு விளையாட்டு, உம்மா வாப்பாவோடு இருந்து சாப்பிடும் நேரம், படித்த கணக்கைத் தானே செய்து பார்க்கும் நேரம்.

அந்தக் கடைசி ஒன்றைக் கவனியுங்கள். தானே செய்து பார்க்காமல் ஏ எடுக்க முடியாது. இலக்குக்கு முதலில் இருக்க வேண்டியதையே நம் திட்டம் அழித்துவிடுகிறது. ஆசிரியர்களான நாங்கள் அதை முதலாம் பாடவேளையிலேயே காண்கிறோம், மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளைகளாக.

டியூஷன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்னொரு வகுப்பில் சேர்க்க முன், கொப்பித் தாளொன்றில் அந்த மூன்றாவது பட்டியலைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். எது இல்லாமல் போகிறது என்று பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும். வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக.