கூரை போட்ட குற்றம்

பெரம்பூர் பக்கம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே தூண் கிடையாது, இரும்புச் சட்டங்களின் மேல் தகரக் கூரை. என் கட்சிக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்ததற்கு அந்தத் தூண் இல்லாத உள்கூடுதான் காரணம். ஐவர் கால்பந்தான ஃபுட்சாலுக்கு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் வேண்டும். சுமார் 8,600 சதுர அடி. தலைக்கு மேல் கூரையோடு, நடுவில் தடங்கல் இல்லாமல் அவ்வளவு இடம் சென்னைக்குள் வேண்டுமானால் கிடங்கைத் தேடணும், இல்லை கல்யாண மண்டபத்தைத் தேடணும். மண்டபத்தில் பந்தாட எந்த மேனேஜர் விடுவார்?

பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016இல் பிரீமியர் ஃபுட்சால் போட்டி அங்கே நடந்தபோது பிரேசிலின் ஃபால்காவோ சென்னை அணிக்கு ஆடினார். அது போட்டிகளுக்கான அரங்கம். ஆபீஸ் முடிந்து பத்துப் பேர் சேர்ந்து, "ராத்திரி ஒரு மணி நேரம் கொடுங்க" என்று கேட்டுப் போகிற இடமல்ல.

ஆட்டச் சத்தத்தை எதிர்த்து என் கட்சிக்காரர் மேல் வழக்கு போட்டவர் பின்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கிடங்கின் தகரச் சுவருக்கும் அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்துதான். சிட்டி சிவில் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு பிராது, கூடவே இடைக்காலத் தடைக்கு மனு. நான் பிரதிவாதி தரப்பு.

முன்பதிவு நோட்டை தாக்கல் செய்யச் சொல்லி எதிர்த்தரப்பு மனு போட்டது. சாதாரண நீள நோட்டு, கட்டம் போட்டு மணி எழுதியிருந்தது. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை பக்கம் பக்கமாக வெறும் கட்டங்கள். தகரத்துக்கு அடியில் அந்த வெயிலில் யார் ஓடுவது? இரவு ஒன்பதுக்கு மேல் எழுத இடமில்லை. பன்னிரண்டு முதல் ஒன்று, ஒன்று முதல் இரண்டு என்று கம்பெனிப் பெயர்கள், பக்கத்தில் அட்வான்ஸ் தொகை, அடித்தல் திருத்தல். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் ஓரத்தில்கூட எழுதியிருந்தது. மழையில் திறந்தவெளி டர்ஃப், அதாவது செயற்கைப் புல் திடல் எல்லாம் ஊறிப்போய்விடும், ஊரே இங்கே வந்துவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை நீதிபதியிடம் நீட்டி, "ஊர் தூங்குற நேரத்துலதான் இவங்களுக்கு வியாபாரம்" என்றார். எனக்கோ அதே பக்கங்கள், நகரத்தில் வேறு இடமில்லை என்பதற்குச் சாட்சி. நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார்: "மழை பெஞ்சா இவங்க வேற எங்க போவாங்க, கவுன்சல்?" அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அட்வகேட் கமிஷனரை நியமித்தார்.

கமிஷனர் ஓர் இளம் வக்கீல். ஒலி அளக்கும் கருவியோடு இரவு பதினொரு மணிக்கு ஆசிரியரின் படுக்கையறையில் உட்கார்ந்தார். இரண்டு தரப்பு வக்கீல்களும் சுவரோரம். ஆசிரியரின் மனைவி எங்களுக்கெல்லாம் காபி கொடுத்தார், என் கட்சிக்காரருக்கும் சேர்த்து.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. ஆனால் அது சராசரிக் கணக்கு. பந்து தகரத்தில் மோதும்போது கருவியில் எண் எகிறும், மறு நொடி இறங்கிவிடும். இடைப்பட்ட அமைதியையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த 'டமாரின்' உயரம் தெரியாது. தெருவில் போன தண்ணீர் லாரியும் பிரேக் போட்டு எங்களுக்கு உதவியது. அறிக்கை வந்தபோது 45ஐத் தாண்டியிருந்தது. ஆனால் லாரியைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வாதாட எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. வாதாடினேன். ஆசிரியருக்குத் தூக்கம் போனது சத்தத்தால் மட்டுமல்ல. அடுத்த அடி எப்போது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்ததால். அதை எந்த டெசிபல் கணக்கில் எழுதுவது?

மத்தியஸ்தத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே அமர்வில் முடிந்தது: பத்து மணிக்கு மேல் ஆட்டம் இல்லை, பின்சுவர் முழுக்க ரப்பர் மெத்தை, பாட்டு கூடாது. இதோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றுமில்லை.

கோர்ட்டுக்கு வருமுன்பே ஆசிரியர், கட்டட அனுமதியைப் பார்க்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒரு மனு போட்டிருந்தார். அது ஆடி அசைந்து இப்போது நோட்டீஸாக வந்தது. கட்டடத்துக்கு அனுமதி கிடங்காக, நடப்பதோ விளையாட்டரங்கம். பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி எங்கே, வாகன நிறுத்தம் எங்கே, பக்கவாட்டு இடைவெளி எங்கே? இல்லையென்றால் பூட்டி சீல் வைக்கப்படும். ஆசிரியரே கவலைப்பட்டு எனக்குப் போன் செய்தார்: "நான் மூடச் சொல்லலையே சார், ராத்திரி தூங்க விடுங்கன்னுதானே கேட்டேன்?"

இந்த ஊரில் உள்ளரங்கக் கால்பந்து ஏன் வளரவில்லை என்று எனக்குப் புரிந்தது அந்த நோட்டீஸைப் படித்தபோதுதான். காலி மனையில் செயற்கைப் புல் விரித்து, கம்பம் நட்டு வலை கட்டினால் அதைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கும் அனுமதி வேண்டும் என்று வாதாடலாம்தான். ஆனால் கூரை போட்ட கணமே அது கட்டடம்; அளவு நாடாவோடு ஆள் வருவார். மனைக்காரருக்கும் டர்ஃப் என்பது, பில்டர் வரும்வரை மனையைச் சும்மா போடாமல் இருக்க ஒரு வழி. மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகை தரமாட்டார். மூன்று வருஷத்துக்காகக் கூரை போட எந்தப் பைத்தியக்காரன் கடன் வாங்குவான்?

அரசாங்கத்தின் பங்கும் திறந்தவெளிதான். 2024 அக்டோபரில் மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விடத் தீர்மானம் போட்டது. மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது, உடனே கைவிட்டார்கள். வியாசர்பாடிப் பிள்ளைகளிடம் காசு கேட்பதா என்ற கோபம் நியாயமானது. மழையில் அவர்கள் எங்கே ஆடுவார்கள் என்று அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பேசிய மாதிரி தெரியவில்லை.

நோட்டீஸை எதிர்த்து அரசுக்கு மேல்முறையீடு செய்தோம். அது விசாரணைக்கு வருமுன் குத்தகை முடிந்தது. இடத்துக்காரர் நீட்டிக்கவில்லை. சீல் வைத்தால் தன் சொத்துக்கல்லவா கெட்ட பெயர்?

என் கட்சிக்காரர் கிடங்கில் விரித்திருந்த செயற்கைப் புல்லைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மாதவரம் பக்கம் ஒரு காலி மனையில் விரித்திருக்கிறார். நன்றாக ஓடுகிறது. மழைக்காலத்தில் மட்டும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தே சாயங்காலம் போய்விடுகிறதாம். பாக்கி ஃபீஸைக் கொடுக்க வந்தபோது, "கூரை போடுற யோசனை இருக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். அப்புறம் உங்களுக்கு மறுபடி ஃபீஸ் கட்டணும்."